மணற்காட்டுக்குப் புறப்படுவோருக்கு ஒரு திறந்த மடல்

மடவளையின் இளந்தலைமுறையினரே, தம்பிமாரே, தங்கையரே,



ஆண்டிறுதி நெருங்க நெருங்க, நமது பஸாரின் தேநீர்க் கடைகளிலும் இஷாத் தொழுகை முடிந்து ஜமாஅத் கலையும் பள்ளிவாசல் முன்றலிலும் நீங்கள் கூடிநின்று, வான் வாடகை எவ்வளவு, டீசலுக்கு எவ்வளவு, இரவிலே புறப்படுவதா சுபஹுக்குப் பின் புறப்படுவதா என்றெல்லாம் கணக்கிட்டுக்கொண்டு, இம்முறை நுவரெலியாவையும் அறுகம்குடாவையும் விடுத்து வடக்கே சென்று, வடமராட்சி கிழக்கிலே கடலோரமாக நீண்டு கிடக்கும் மணற்காட்டைக் கால்நடையாகக் கடந்து வருவதென்று பேசிக்கொள்வது என் செவியிலும் விழுந்தது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் ஏற்ற இறக்கங்களையும் ஹந்தானையின் புல்வெளிகளையும் சிறுபிராயம் முதலே மிதித்துப் பழகிய கால்கள் உங்களுடையவை. அக்கால்கள் மலையை விட்டு மணலை நாடுவதிலே எனக்கு அளவற்ற சந்தோஷம். ஆயினும், அப்பிரதேசத்தைப் பல பருவங்களிலே கண்டவன் என்ற முறையிலும், அங்கே உயிர்ச் சிநேகிதர்களை உடையவன் என்ற முறையிலும், உங்கள் எல்லோரிடமும் ஒரு விண்ணப்பம் செய்துகொள்ள விழைகிறேன். விடுதியொன்றிலே அறை எடுத்துக்கொண்டு, ஒரு பிற்பகலிலே போய்ப் படம் பிடித்துக்கொண்டு திரும்பும் பிரயாணிகளாக அந்த மணலைப் பாராதீர்கள்; அங்கே வாழும் ஒருவருடைய வீட்டிலே விருந்தாளியாகத் தங்கி, அவரோடு சேர்ந்து நடந்து பாருங்கள். ஏன் இவ்வாறு சொல்கிறேன் என்பதை ஆறுதலாக எழுதுகிறேன். நீங்களும் ஆறுதலாக வாசியுங்கள்.

முதலிலே காலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் விடுமுறை தொடங்கிய மறுநாளே புறப்பட வேண்டுமென்று உங்களுள் சிலர் அவசரப்படுகிறீர்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு ஓராண்டிலே கிடைக்கும் மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மாதங்களுக்குள்ளேயே பெய்து தீர்ந்துவிடும்; வங்கக் கடலிலே புயல் பிறக்கும் காலமும் அதுவே. 2008 நவம்பரில் நிஷா என்னும் புயல் குடாநாட்டை வெள்ளத்தில் ஆழ்த்தியதை உங்கள் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். ஆதலால் தை பிறக்கும்வரை பொறுத்திருங்கள். தைப்பொங்கல் அரசாங்க விடுமுறையாதலால் வேலைக்குச் செல்வோருக்கும் அது சௌகரியம். அப்போது மழை ஓய்ந்து, வாடைக்காற்று மாத்திரம் எஞ்சி, விடியற்காலையிலே பனி இறங்கி, மணல் ஈரத்தால் இறுகி, நடப்பவனுடைய பாதத்தை உள்ளே இழுக்காமல் தாங்கிக்கொள்ளும். ஆடி, ஆவணியிலே சோளகக் காற்று வீசும்போது அதே மணலிலே நண்பகலில் நிற்பது பெரும் சோதனையாகிவிடும்.

பாதையைப் பற்றி நான் உங்களுக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. எனினும் அப்பாதையிலே மறைந்து கிடக்கும் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நமது ஊருக்கு அண்மையிலே, பொல்கொல்லையில், மகாவலி கங்கையை மறித்து 1976ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவரும் அணைக்கட்டினை நாள்தோறும் கண்டு அலுத்திருக்கிறீர்கள். அங்கே திசைதிருப்பப்படும் தண்ணீர், மலையைக் குடைந்து அமைத்த ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே சென்று, உக்குவளை மின்னிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றிவிட்டு, சுது கங்கையிலே இறங்கி, அம்பன் கங்கையோடு கலந்து, போவத்தென்னையிலே மறுபடியும் பிரிக்கப்பட்டு, கலாவெவ வரையிலும் அதற்கு அப்பாலுள்ள வரண்ட வயல்கள் வரையிலும் பாய்கிறது. வத்துகாமம், உக்குவளை வழியாக மாத்தளைக்குச் சென்று அங்கிருந்து தம்புள்ளைக்கு ஏறும் நீங்கள், உண்மையிலே நமது கங்கையின் கூடவே வடக்கு நோக்கி யாத்திரை செய்கிறீர்கள். மிளகுக் கொடியும் சாதிக்காய் மரமும் கொக்கோவும் அடர்ந்த தோட்டங்கள் நாலந்தாவைத் தாண்டியதும் மெல்ல மெல்ல விடைபெற்றுக்கொள்ள, மதவாச்சிக்கு வடக்கே பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் காடுகள் இருபுறமும் வந்து சேரும். அங்கெல்லாம் குளங்கள் உண்டு. குளங்களை நிரப்பும் ஆறுகள் உண்டு. ஆனையிறவைக் கடந்து குடாநாட்டினுள் நுழைந்தபின், வருஷம் முழுவதும் ஓடும் ஆறு என்று சொல்வதற்கு ஒன்றுகூட இல்லை. வானம் கொடுப்பதை நிலம் வாங்கி வைத்துக்கொண்டால்தான் உண்டு. மணற்காட்டைப் பற்றி விளங்கிக்கொள்ள விரும்புபவர் இந்த உண்மையை மனத்திலே இருத்திக்கொண்டு பிரயாணம் செய்வது நல்லது.

கண்டியிலே தொடங்கி யாழ்ப்பாணத்திலே முடியும் அந்த ஏ9 வீதி, ஏறத்தாழ 320 கிலோமீற்றர் நீளமானது. வடபுலத்தார் இன்றும் அதனைக் கண்டி வீதி என்றே அழைக்கிறார்கள். இன்று மகா துரிதமாக வானை ஓட்டிச் செல்லும் உங்களுக்கு, இவ்வீதி யுத்த காலத்திலே வருஷக் கணக்காக மூடப்பட்டிருந்ததும், 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்தின் பின் திறக்கப்பட்டதும், 2006 ஓகஸ்டில் மீண்டும் அடைபட்டதும், 2009இலே யுத்தம் முடிந்த பின்னரே நிரந்தரமாகத் திறந்துகொண்டதும் பழங்கதையாகத் தோன்றலாம். அந்நாட்களிலே ஓமந்தையிலும் முகமாலையிலும் பொதிகளை அவிழ்த்துக் காட்டிக்கொண்டு வெயிலிலே வரிசையில் நின்றவர்கள் உங்கள் தந்தைமாருடைய வயதினர். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் எல்லா வாகனங்களும் நிற்பது வழக்கம். நீங்களும் நிறுத்திச் சுடச்சுட வறுத்த கச்சான் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனையிறவிலே இறங்கி, வீதியின் இருபக்கமும் விரிந்து கிடக்கும் களப்பையும், ஓரங்களிலே வெள்ளை படர்ந்த உப்பு மண்ணையும் சற்றுநேரம் பாருங்கள். யுத்தத்திலே அங்கே மாண்ட இளைஞர்கள் மிகப் பலர். இரு தரப்பிலும் அவர்கள் உங்கள் பிராயத்தினர். கொடிகாமத்திலே வலப்புறம் திரும்பினால் பருத்தித்துறைக்குச் செல்லும் வீதி.

இனி, சிநேகிதர் வீட்டுக்கு வருவோம்.

பேராதனைப் பல்கலைக்கழகத்திலே அருணாசலம் மண்டபத்தில் என்னோடு ஒன்றாகத் தங்கிப் படித்த ஒருவர், ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்று வடமராட்சியிலே தமது பூர்வீக வீட்டிலே வசிக்கிறார். அவருடைய வீட்டுக்கு நான் முதன்முறை சென்றபோது, மாலை மங்கும் வேளையிலே, நான் கேட்பதற்கு முன்னரே, ஓர் அறையின் மூலையிலிருந்த பழைய அலுமாரியை அவரும் அவருடைய மகனும் சேர்ந்து நகர்த்திக்கொண்டிருந்தார்கள். எதற்காக என்று வினவினேன். தொழும்போது மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்து நிற்கவேண்டும் என்று பல்கலைக்கழக நாட்களிலே நீ சொன்னது ஞாபகம், அந்தப் பக்கத்திலே இந்த அலுமாரி இடைஞ்சலாக நின்றது என்றார். நிலத்தைக் கூட்டித் துடைத்து, புதிதாகத் தறியிலிருந்து இறங்கிய வெள்ளைத் துணி ஒன்றை விரித்து வைத்திருந்தார்கள். இந்த உபசாரத்துக்கு முன்னால் எந்த விடுதியின் சௌகரியத்தை வைத்து எண்ணுவது?

அவர் வீட்டு இராப்போசனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நமக்கு எது ஆகும் எது ஆகாது என்பதை நன்கறிந்த அவ்வீட்டு அம்மா, இறைச்சி வாங்காமல், கடற்கரைக்கு ஆளனுப்பி மீனும் நண்டும் இறாலும் எடுப்பித்து, ஒடியல் மாவிலே கூழ் காய்ச்சியிருந்தார். தை, மாசி பனங்கிழங்கின் காலம். அவித்த கிழங்கை நாரோடு உரித்து, நடுவிலுள்ள ஈர்க்கை இழுத்தெறிந்துவிட்டு, மிளகும் உப்பும் சேர்த்து இடித்த பொடியைத் தொட்டுச் சாப்பிடவேண்டும். அந்த மிளகு மாத்தளையிலிருந்து நான் கொண்டுசென்றது. உங்கள் பயணப் பொதியிலே மிளகும் சாதிக்காயும் கறுவாவும் கட்டாயம் இருக்கட்டும். வெறுங்கையோடு ஒரு வீட்டினுள் நுழையும் பழக்கம் நமது ஊருக்கு என்றும் இருந்ததில்லை.

மணற்காட்டுக்கு விடிவதற்கு முன்னரே போய்விடவேண்டும். பருத்தித்துறைக்குத் தெற்கே வல்லிபுரத்திலிருந்து தொடங்கி, குடத்தனை, மணற்காடு, அம்பன், நாகர்கோவில், செம்பியன்பற்று, தாளையடி, உடுத்துறை என்று கரையோரக் கிராமங்களைத் தொட்டுக்கொண்டு, 1938இலே பறவைகளின் சரணாலயமாக்கப்பட்ட சுண்டிக்குளம் வரை தெற்கே இறங்கும் கரை அது. இக்கரையின் வடபாகத்திலே, மணற்காட்டிலும் அதன் அயலிலும், மணல் குன்றுகளாக எழுந்து, ஒன்றன்பின் ஒன்றாக அலையிட்டு நிற்கிறது. இதனைப் பாலைவனம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சாஸ்திர ரீதியாகப் பார்த்தால், ஆண்டுக்கு 250 மில்லிமீற்றருக்கும் குறைந்த மழை பெறும் நிலமே பாலைவனம்; குடாநாடோ 1,000 மில்லிமீற்றருக்கும் மேற்பட்ட மழையைப் பெறுகிறது. ஆயினும் ஒரு குன்றின் உச்சியிலே ஏறி நின்று, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்நாட்டை நோக்கினால், கண்ணுக்கெட்டிய தூரம் வரையிலும் வெண்மணலே விரிந்து கிடக்கும் அந்தத் தோற்றம், அரபு நாட்டிலே பல வருஷம் இருந்து வந்தவர்களையும் பேச்சற்று நிற்கச் செய்கிறது.

என் நண்பர் ஒவ்வொரு குன்றின் அருகேயும் நின்று நின்று நடப்பவர். வாடைக்காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசும்போது, உலர்ந்த மணற்றுகள்களைக் குன்றின் ஒரு பக்கமாக உருட்டி ஏற்றுகிறது. அப்பக்கம் சரிவாகவும் ஏறுவதற்கு எளிதாகவும் இருக்கும். உச்சியைத் தாண்டியதும் துகள்கள் மறுபுறத்திலே விழுவதால் அப்பக்கம் செங்குத்தாகவும் இளகியதாகவும் இருக்கும். ஏறுவதற்குக் காற்றின் முகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள் என்று அவர் சொல்லித் தந்தது, மலையேறிய எனக்கு முற்றிலும் புதிய பாடம். அடுத்து அவர் முழங்காலிட்டு உட்கார்ந்து ஒரு புல்லைக் காட்டினார். இராவணன் மீசை என்பது அதன் பெயர். ஊசிபோன்ற கூரிய இலைகளையுடையது. சப்பாத்து இல்லாமல் மிதித்தால் இரத்தம் வரும். அதன் நீண்ட இலையொன்று காற்றுக்குத் தாழ்ந்து, நுனி மணலைத் தொட்டு, காற்று திசை மாறுந்தோறும் இப்படியும் அப்படியும் சுழன்று, அடித்தண்டைச் சுற்றிக் கவராயத்தால் வரைந்ததுபோன்ற சுத்தமான வட்டமொன்றை மணலிலே வரைந்திருந்தது. அந்த வட்டத்தினுள்ளே இரவிலே நடமாடிய நண்டொன்றின் கால்தடம். புல்லின் முற்றிய விதைக்கதிர், முட்கள் எல்லாத் திசையிலும் நீண்ட உருண்டையாக முறிந்து விழுந்து, காற்றோடு உருண்டு உருண்டு வெகுதூரம் சென்று, தங்கிய இடத்திலே வேரூன்றுகிறது.

அதனோடு சேர்ந்து, ஊதாநிறப் பூக்களுடன் மணல்மீது படர்ந்து செல்வது அடம்பன்கொடி. அடம்பன்கொடியும் திரண்டால் மிடுக்கு என்னும் பழமொழியை யாழ்ப்பாணத்தார் அடிக்கடி வாயில் வைத்திருப்பதைக் கேட்டிருப்பீர்கள். அதன் பொருள் எனக்குப் பிரத்தியட்சமானது அந்தக் குன்றடியிலேதான். இந்தப் புல்லும் இந்தக் கொடியும் தம் வேர்களாலும் தண்டுகளாலும் பறந்துவரும் மணலை மறித்துப் பிடித்து வைத்திருக்கின்றன. இவை பிடித்து வைத்ததால்தான் குன்று எழுந்தது. இவை அழிந்தால் குன்று காற்றோடு போய்விடும். உள்ளே, நட்டு வளர்த்த சவுக்கங்காடு இருக்கிறது. ஆயினும் கடல் முகத்திலே காவல் நிற்பவை இந்தச் சிறு தாவரங்களே. மணல் ஓரிடத்திலே நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது என்பதற்கு, மணற்காட்டிலே அரைவாசி புதைந்து கூரையிழந்து நிற்கும் பழைய புனித அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்களே சாட்சி. வல்லிபுரத்திலோ, ஆழ்வார் கோயிலைச் சூழ்ந்த மணலுக்கடியிலே ஒரு பழம்பெரும் குடியிருப்பே உறங்குகிறது. 1936இலே அங்கு கண்டெடுக்கப்பட்ட பொன்னேடு, பிராமி எழுத்திலே, வசப மன்னனுடைய காலத்தையும் நாகதீபத்தையும் குறிப்பிடுகிறது.

இன்னும் ஒரு காட்சியை உங்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். இரண்டு குன்றுகளுக்கிடையிலே தாழ்ந்து கிடந்த பள்ளமொன்றிலே நண்பர் உட்கார்ந்து, இரு கைகளாலும் மணலை அள்ளி அள்ளி எறிந்தார். முழங்கையளவு ஆழம் சென்றதும் அடிமணல் கறுத்தது. சற்றுநேரத்தில் குழியின் ஓரமெங்கும் நீர் கசிந்து, கலங்கித் தெளிந்து நின்றது. கடலோ அந்தக் குன்றுக்கு அப்பால் இரைந்துகொண்டிருக்கிறது. கையிலே ஏந்திக் குடித்தால் நீர் இனிக்கிறது. தண்ணீரில்லாத வனாந்தரத்திலே மண்ணைக் கொண்டு தயம்மும் செய்யும் சட்டத்தைச் சிறுவயதிலே மத்ரஸாவில் ஓதிய நான், கடலோர மணலின் நடுவே சுத்தமான நன்னீரால் வுழூச் செய்து, காலையிலே ளுஹாத் தொழுதேன். பாலின்மேல் ஆடை படிவதுபோல, மழைநீர் மணலுக்குள் இறங்கி, தன்னைவிடக் கனத்த உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி உயர்ந்திருந்தால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீரியலாரின் கணக்கு. அதாவது, மணலைத் தோண்டி எடுத்து மேலே ஓரடி நீரை இழந்தால், கீழேயிருந்து 40 அடிக்கு உவர்நீர் ஏறிவரும். ஆறில்லாத அந்தக் கரைக்கு அந்தக் குன்றுகளே மழையை ஏந்தும் ஏரி. அங்குள்ள மீனவக் குடும்பங்களின் கிணற்றிலே இறைப்பது அந்த மணல் சேர்த்து வைத்த மழை.

இப்போது எனது விண்ணப்பத்தின் காரணம் உங்களுக்கு ஓரளவு விளங்கியிருக்கும். நமது ஊரிலே கட்டாருக்கோ துபாய்க்கோ சவூதிக்கோ ஒருவரையேனும் அனுப்பாத வீடு அபூர்வம். அங்கே விடுமுறை நாளிலே பெரிய ஜீப்புகளிலே மணற்குன்றுகளின்மீது பாய்ந்து ஏறி இறங்கும் விளையாட்டைக் கண்டு வந்தவர்கள், அதேபோன்றதொன்றை மணற்காட்டிலும் செய்யலாமென்று உங்களுக்கு ஆசை காட்டுவதை நான் அறிவேன். மோட்டார் சைக்கிள்களை வானிலே ஏற்றிச் செல்லவும் சிலர் யோசிக்கிறீர்கள். அரேபியாவின் மணல் நூற்றுக்கணக்கான மைல் அகலம். ஆயிரம் சக்கரங்கள் ஓடினாலும் அதன் பரப்பிலே அது பெரிதாகத் தெரியாது. நமது தீவின் மணலோ கடலுக்கும் களப்புக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய பட்டி. ஒரு சக்கரம் ஒரு முறை ஓடினால் அறுபடும் அடம்பன்கொடி மறுபடியும் கட்டிப்பிடிக்க ஒரு மாரியேனும் செல்லும். அதற்குள் சோளகம் அந்தப் பிளவின் வழியே குன்றைக் கரைத்துவிடும். ஏற்கனவே அந்நிலம் போதிய காயம் பட்டிருக்கிறது. யுத்தத்துக்குப் பின் வீடுகளும் வீதிகளும் எழும்பத் தொடங்கியதிலிருந்து மணலுக்குக் கேள்வி பெருகி, வடமராட்சி கிழக்கிலே அனுமதியோடும் அனுமதியின்றியும் டிப்பர் டிப்பராக மணல் ஏற்றப்படுவதும், ஊரவர்கள் அதனை மறித்து நிற்பதும் வடபுலப் பத்திரிகைகளிலே ஓயாத செய்தி. மகாவலியின் மடியிலே மணல் அள்ளிய இடங்களிலெல்லாம் கரை இடிந்ததைக் கண்ட நமக்கு இதன் கொடுமையை விவரிக்க வேண்டியதில்லை.

2004 டிசம்பர் 26ஆந் திகதி காலையிலே ஆழிப்பேரலை இந்தக் கரையிலேயும் ஏறியது. மணற்காடு முதல் சுண்டிக்குளம் வரையுள்ள கிராமங்கள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. உடுத்துறையிலே அதில் மாண்டவர்களுடைய நினைவாலயம் இருக்கிறது, அங்கே சென்று அமைதியாக நின்றுவிட்டு வாருங்கள். அந்தப் பேரலைக்குப் பின் நமது நாட்டுக்கு வந்த சர்வதேச ஆராய்ச்சியாளர்கள் தெற்கே யாலவில் கண்டதொன்றை எழுதி வைத்திருக்கிறார்கள்: கடற்காட்சி மறைகிறதென்று முன்னாலிருந்த மணற்குன்றின் ஒரு பகுதியை அகற்றிய விடுதியொன்று அடியோடு அழிந்தது, அதன் அயலிலே குன்று குலையாமல் நின்ற இடங்களிலே சேதம் குறைவாயிருந்தது. மணற்குன்று ஒன்றை ஏறி விளையாடும் மேடாக எண்ணுபவனுக்கும், தன் கிணற்றையும் தன் பிள்ளைகளையும் காக்கும் அரணாக எண்ணுபவனுக்கும் நடையே வேறுபடும். பின்னவனோடு சேர்ந்து நடந்தால் நீங்களும் அவனைப் போலவே, புல்லை விலத்தி, வழக்கமான ஒற்றையடித் தடத்தைப் பிடித்து நடப்பீர்கள். விருந்தாளியாகச் செல்லுங்கள் என்று நான் கெஞ்சுவது இதற்காகவே.

இன்னொரு சிநேகிதரும் இருக்கிறார். அவர் யாழ்ப்பாண நகரிலே சோனகத் தெருவிலே பிறந்து, ஒஸ்மானியாக் கல்லூரியிலே படித்தவர். அதே யாழ்ப்பாண முஸ்லிம் சமூகத்திலே பிறந்து யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலே பயின்று, பின்னர் எகிப்துக்குச் சென்று வந்து 'மிஸ்ரின் வசியம்' எழுதிய அறிஞர் அசீஸ் அவர்களை உங்கள் பாடப்புத்தகங்கள் உங்களுக்குப் போதிய அளவு அறிமுகப்படுத்தவில்லை என்ற குறை எனக்கு உண்டு. அந்தத் தெருவின் தமிழும் அந்த மரபின் தமிழும் எங்களுடைய பெருஞ்சொத்து. 1990 ஒக்டோபர் 30ஆந் திகதி, இரண்டு மணித்தியால அவகாசத்திலே, யாழ்ப்பாண நகர முஸ்லிம்கள் அத்தனை பேரும் விடுதலைப் புலிகளின் கட்டளையால் வெறுங்கையோடு வெளியேற்றப்பட்டார்கள். வடமாகாணம் முழுவதிலுமிருந்து அம்மாதத்திலே வெளியேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். என் நண்பருடைய குடும்பம் கற்பிட்டியின் மணல்வெளியிலே கிடுகுக் கொட்டில் போட்டு, அங்கேயே பிள்ளைகளை வளர்த்தது. மணலிலே நடக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசாமலிருந்து, மணலிலே படுத்தெழும்பி வாழ்ந்தவனுக்கு அதன்மேல் ஆசை வராது, ஆனால் நீ கூப்பிட்டால் வருவேன் என்றார். வந்தார். அலுமாரியை நகர்த்திய அந்த வடமராட்சி நண்பரும் அவரும் அன்றுதான் ஒருவரையொருவர் முதன்முதலாகக் கண்டார்கள்.

குன்றின்மேல் உட்கார்ந்து பனங்கிழங்கைப் பங்கிட்டுக்கொண்டிருந்தபோது பேச்சு அந்த நாட்களுக்குத் திரும்பியது. 1995ஆம் ஆண்டு, அதே ஒக்டோபர் 30ஆந் திகதி, கொட்டும் மழையிலே, வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கானோர் ஒரே இரவிலே தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். வடமராட்சி நண்பருடைய சகோதரியின் குடும்பமும் அதிலே நடந்தது. தம் ஊரார் மௌனமாக நின்ற அந்த 1990ஆம் ஆண்டு நாளைப் பற்றி அவர் தம் மனத்திலே நெடுங்காலம் சுமந்திருந்ததை எங்கள் முன்னிலையில் இறக்கி வைத்தார். கேட்டுக்கொண்டிருந்த சோனகத் தெரு நண்பர், தம் பையிலிருந்து பேரீச்சம்பழப் பொட்டலத்தை எடுத்து முதலில் அவர் கையிலே வைத்தார். நான் இடையிலே ஒரு வார்த்தையும் பேசவில்லை. இவ்வாறான சம்பாஷணைகள் கூட்டங்களிலும் மேடைகளிலும் நடைபெறுவதில்லை. ஒரே பாதையிலே வெகுநேரம் நடந்து களைத்தவர்களுக்கிடையேதான் நடைபெறுகின்றன. உங்கள் யாத்திரையை இரு நண்பர்களையும் கண்டுவரும் யாத்திரையாக அமைத்துக்கொள்ளுங்கள்: ஓரிரவு வடமராட்சியிலே, ஓரிரவு மற்றவர் இப்போது திரும்பி வந்திருக்கும் சோனகத் தெருவிலே. உங்களுள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே படித்தவர்கள் சிலர் இருக்கிறீர்கள். பேராதனையிலே வடபுலத்து மாணவரோடு ஒரே வகுப்பிலே இருப்பவர்களும் இருக்கிறீர்கள். அந்தச் சிநேகங்களையும் இத்தருணத்திலே புதுப்பித்துக்கொள்ளுங்கள்; ஒருவருடைய திண்ணை இன்னொருவருடைய திண்ணைக்கு வழிகாட்டும்.

சில எச்சரிக்கைகள். முகமாலையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நிலக்கண்ணிகளை அகற்றும் பணி நீண்ட காலமாக நடைபெற்று வருகிறது. மண்டையோட்டுச் சின்னமிட்ட சிவப்புப் பலகையைக் கண்ட இடத்திலே, சிறுநீர் கழிப்பதற்குக்கூட வீதியை விட்டு இறங்காதீர்கள். வாடைக் காலத்திலே அக்கடலிலே குளிக்க இறங்காதீர்கள். பார்வைக்கு அடங்கியிருந்தாலும் அடியிலே இழுவை உண்டு, மகாவலியிலே நீந்தக் கற்ற தைரியம் அங்கே உதவாது. காலை பத்து மணிக்குள் நடையை முடித்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர், கணுக்காலை மூடும் சப்பாத்து, தலைக்கு ஒரு துணி. குப்பை ஒரு துண்டேனும் அங்கே தங்கக்கூடாது. மீனவக் கிராமத்தினூடே செல்லும்போது பெண்களையும் பிள்ளைகளையும் கேளாமல் படம் எடுக்காதீர்கள். ஒலிபெருக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

வடமராட்சி நண்பரோடு நேற்று தொலைபேசியிலே பேசினேன். பொங்கலுக்கு மறுநாள் உங்களை எதிர்பார்ப்பதாகவும், ஆண்கள் தமது வீட்டிலும் பெண்கள் தமது தங்கையின் வீட்டிலும் தங்கலாமென்றும் சொன்னார். பதிலுக்கு நான் அவர்களுடைய ஊர்ப் பிள்ளைகளைச் சித்திரை விடுமுறைக்கு இங்கே அழைத்திருக்கிறேன். நக்கிள்ஸ் மலைக்கு அவர்களைக் கூட்டிச் செல்லும் பொறுப்பும், மடவளையிலே வீடு வீடாக அவர்களுக்கு இடம் ஒழுங்கு செய்யும் பொறுப்பும் உங்களுடையது. எந்த எந்த வீட்டிலே எத்தனை பேரை ஏற்றுக்கொள்ளலாமென்று இப்போதே உம்மாமாரிடம் கேட்டு வையுங்கள். உங்களுள் எத்தனை பேர் போகிறீர்கள், அவர்களுள் மீன் உண்ணாதவர் எத்தனை பேர் என்னும் விபரத்தை வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் என்னிடம் எழுதித் தாருங்கள். கிழங்கு கிண்டவும் கூழுக்கு மீன் சொல்லி வைக்கவும் அந்த அம்மாவுக்கு ஒரு வாரமேனும் வேண்டுமாம்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும்
ஓய்வுபெற்ற ஆசிரியன்,
மடவளை.